மூழ்கிய கப்பலிலிருந்து திரும்பும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கடலில் மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல்களைக் காண முக்குளிக்கச் செல்வது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். கப்பல் பொறியாளராகப் பதினான்கு ஆண்டுகள் அபர்டீனில் வேலை பார்த்து, விடுமுறை கிடைத்த போதெல்லாம் அந்தக் கடலில் இறங்கியவன் என்ற முறையில், கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயர்களைத் தமிழில் படிக்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம். இரண்டாம் முறை படித்ததற்குக் காரணம் என் தங்கை மகன். கோவையில் வேலை பார்க்கும் அவன், மேற்படிப்புக்காக வரும் செப்டம்பரில் எடின்பரோ போகிறான். கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, “மாமா, புதுச்சேரியில் மூன்று நாள் பயிற்சி எடுத்தால் போதுமாம், அங்கே போய் நேராகக் கப்பலுக்குள்ளேயே இறங்கிவிடலாமாம்” என்றான். அவன் மிகைப்படுத்துகிறான் என்று எண்ணித்தான் மறுபடியும் படித்தேன். கட்டுரை ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது.

இறங்குவதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வருவதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவனுக்கு ஆபத்து முழுவதும் அந்த விடுபட்ட பத்தியில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது.

அதற்கு முன் இரண்டு தகவல் பிழைகள். முதல் உலகப் போர் நிறுத்தத்துக்குப் பின் ஆர்க்னி தீவுகளின் நடுவே உள்ள ஸ்காப்பா ஃப்ளோவில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்த 74 ஜெர்மன் கப்பல்களைப் பிரிட்டிஷார் மூழ்கடித்ததாகக் கட்டுரை சொல்கிறது. மூழ்கடித்தவர்கள் ஜெர்மானியர்களே. அவை எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று, 1919 ஜூன் 21 அன்று தளபதி லுட்விக் ஃபொன் ராய்டர் கொடுத்த சைகையின் பேரில், மாலுமிகள் தங்கள் கப்பல்களுக்குள் தாங்களே கடல்நீரைத் திறந்துவிட்டார்கள். 52 கப்பல்கள் மூழ்கின. அந்தச் சைகை எழுந்த கப்பலின் பெயர் எம்டன் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருந்திருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் இன்றுவரை சொல்லும்படி செய்துவிட்டுப் போன எம்டன் இதுவல்ல; அது அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவில் நொறுங்கிப்போனது. அதன் பெயரைத் தாங்கிப் பின்னால் கட்டப்பட்ட கப்பல் இது; மூழ்குவதற்குள் ஆழமற்ற கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டதால் முக்குளிப்பவர் கண்ணில் படாது. மூழ்கியவற்றிலும் பெரும்பாலானவற்றைப் பின்னால் தூக்கி உடைத்துவிட்டார்கள். இன்று எஞ்சிக் கிடக்கும் பெரிய கப்பல்கள் ஏழு: கோனிக், மார்க்கிராஃப், குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்ற மூன்று போர்க்கப்பல்களும், குரூசர் எனப்படும் சற்றுச் சிறிய, வேகமான கப்பல்கள் நான்கும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. ‘தவறவிடக் கூடாத கப்பல்கள்’ வரிசையில் ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலையும் சேர்த்திருக்கிறீர்கள். 1939 அக்டோபர் 14 அதிகாலையில் யூ-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி மூழ்கிய அந்தக் கப்பலில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போர்க் கல்லறை. அங்கே பொதுமக்கள் முக்குளிப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் அதைக் கேட்டால், படகுக்காரர்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடலில் நீரின் தெளிவு ‘15 மீட்டர்’ என்று கட்டுரை ஒரே எண்ணில் சொல்லி முடித்துவிடுகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று வெளியூர்க்காரர் கேட்டால், நாம் ஓர் எண்ணைச் சொல்வோமா? எந்த மாதம், எந்த நேரம், எந்த வளைவு என்று திருப்பிக் கேட்போம். அந்தக் கடலும் அப்படித்தான். குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நுண்பாசிகள் பெருகி, சில வாரங்களுக்கு நீரைப் பச்சைக் கஞ்சி போலாக்கிவிடும். தொடர்ந்து மழை பெய்தால் கரையோரச் சதுப்புப் புல்வெளிகளிலிருந்து தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நீர் இறங்கிவரும். ஓர் இரவு காற்று திசைமாறி அடித்தால் அடிமண் கிளம்பும். நமக்கு முன்னால் இறங்கிய நான்கு பேர் துடுப்பை அடிமண்ணில் அடித்துவிட்டுப் போயிருந்தால், காற்றும் மழையும் இல்லாத நாளிலும் அதே கதிதான். ஒரே கப்பலில் ஒரு சனிக்கிழமை 15 மீட்டர் தூரம் பார்த்திருக்கிறேன். மறுநாள் அதே இடத்தில், நீட்டிய கையுறையின் நுனியைத் தேடியிருக்கிறேன்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவதை இந்த மலையில் வண்டி ஓட்டும் எவரும் அறிவார். கலங்கிய நீரில் பெரிய டார்ச் செய்வதும் அதையேதான். மிதக்கும் துகள்கள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அங்கே அகன்ற ஒளியைவிட, குறுகிய கற்றையுள்ள டார்ச்சை முகத்திலிருந்து தள்ளிப் பிடிப்பதே உதவும். ஆனால் நம் சாலையோடு அந்தக் கடலை ஒப்பிடுவது இங்கே நின்றுவிடுகிறது. சாலையில் மூட்டம் இறங்கினால் விளக்கைப் போட்டு ஓரங்கட்டி, அது விலகும்வரை காத்திருக்கலாம். 30 மீட்டர் ஆழத்தில் காத்திருப்பதற்கும் காற்று வேண்டும். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து நான்கு மடங்கு காற்று போய்க்கொண்டிருக்கும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஏறக்குறைய அதே ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கும் ஒரு குரூசரின் பக்கவாட்டுத் தகடு துருப்பிடித்து விழுந்து, உள்ளே ஓர் அறையளவு இடம் திறந்திருந்தது. வெளிச்சம் நன்றாகத் தெரிந்ததால், எட்டிப் பார்க்கும் தூரம்தானே என்று, இடுப்பில் தொங்கிய கயிற்று ரீலை அவிழ்க்காமலே உள்ளே போனேன். ஒருக்களித்த கப்பலுக்குள் தரை சுவராகியிருக்கும், சுவர் கூரையாகியிருக்கும், படிக்கட்டு பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். மேல் எது, கீழ் எது என்பதை நம் மூச்சுக் குமிழிகள் போகும் திசையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திரும்ப எத்தனித்தபோது என் துடுப்பின் நுனி எதன் மீதோ லேசாகத் தட்டியது. எத்தனையோ ஆண்டுகளாகப் படிந்திருந்த வண்டல், மாவுச் சல்லடை கவிழ்ந்ததைப் போல் கிளம்பியது. அதே நேரம் என் குமிழிகள் மேலே மோதி உதிர்த்த துருத்தூளும் இறங்கியது. வாயில் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மங்கிய பழுப்பு. வெளியே நின்ற கூட்டாளி தன் டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்ததாகப் பின்னால் சொன்னார். எனக்கு அது எந்தத் திசையிலும் தெரியவில்லை. நுழையும்போது இடது கையில் பட்ட ஒரு குழாய் நினைவுக்கு வந்து, அதைத் துழாவிப் பிடித்து, சாண் சாணாக நகர்ந்து வெளியே வந்தேன். மணிக்கட்டில் இருந்த கணினியின் கணக்குப்படி நான்கு நிமிடம். உள்ளே போகும்போது 120 பாரில் நின்ற சிலிண்டரின் காற்றழுத்த முள் 75க்கு இறங்கியிருந்தது. பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பாகியிருந்தது. படகில் ஏறியதும் எங்கள் குழுவின் மூத்தவர் என்னைத் திட்டவில்லை. என் ரீலைக் கையில் வாங்கி, அது ஒரு சுற்றுகூட அவிழாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

தெளிவு எவ்வளவு இருந்தாலும், அது இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டே இறங்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். வாயிலுக்கு வெளியே கயிற்றை ஒரு முடிச்சுப் போட்டு, நுழைந்ததும் இன்னொரு முடிச்சுப் போட்டு, திரும்பும் இடமெல்லாம் கட்டிக்கொண்டே போவார்கள். கண் போனாலும் கை வழி காட்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மூன்றாவது பங்கு நானோ கூட்டாளியோ செய்யும் தவறுக்கு. இந்தக் கயிற்றைப் பற்றியோ இந்தப் பங்கைப் பற்றியோ உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கப்பலுக்குள் எடுத்த வண்ணப் படங்கள் மட்டும் நான்கு இருக்கின்றன.

தங்கை மகனுக்கு இது விளங்கட்டும் என்று, வீட்டு வாசல் தூணில் சணல் கயிற்றைக் கட்டி, கூடம், சமையலறை, பின்கட்டு வழியாகக் கோழிக்கூண்டு வரை இழுத்து, அவன் கண்ணைத் துணியால் கட்டி, என் பழைய கையுறைகளை மாட்டிவிட்டு, கூண்டிலிருந்து வாசலுக்கு வரச் சொன்னேன். சிறுவயதிலிருந்து அவன் வந்து போகும் வீடு. ஒன்பது நிமிடம் ஆனது. சமையலறைத் திருப்பத்தில் கயிற்றை நழுவவிட்டு, மேடையைத் துழாவி, உறை ஊற்றி வைத்திருந்த பாலைக் கவிழ்த்தான். என் மனைவிக்கு இந்தப் பயிற்சி முறையின் மீது நல்ல அபிப்பிராயம் இல்லை.

குளிரைப் பற்றி, ‘தலைகுந்தாவில் உறைபனி பார்த்த மலைக்காரர்களுக்கு அந்தக் கடல் ஒரு பொருட்டல்ல’ என்று கட்டுரையாளர் நம்மைப் பாராட்டியிருக்கிறார். நன்றி, ஆனால் அது சரியல்ல. சுழியம் டிகிரிக் காற்றில் ஸ்வெட்டரும் மப்ளருமாக, கையில் தேநீர் டம்ளரோடு அரை மணி நேரம் நிற்கலாம். தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். ஸ்காப்பா ஃப்ளோவில் கோடையின் உச்சத்திலும் நீர் 13, 14 டிகிரிதான். குளிர்காலக் கடைசியில் 6, 7 டிகிரி. புதுச்சேரிக் கடலின் வெதுவெதுப்புக்கான மெல்லிய வெட் சூட் அங்கே உதவாது. உள்ளே கம்பளி உடையும் மேலே நீர் புகாத டிரை சூட்டும் வேண்டும். அந்த டிரை சூட்டை உடுத்தத் தனியாகப் பயில வேண்டும். ஏனென்றால் அதற்குள் இருக்கும் காற்று நாம் மேலேறும்போது விரியும். வால்வைத் திறந்து அதை வெளியேற்றத் தெரியாதவனை அது பலூனைப் போல் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

விரல்கள்தான் முதலில் போகும். இருபது நிமிடத்துக்குப் பிறகு, கரையில் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் ஒரு சிறிய கொக்கியை, பெருவிரலை அதன் மேல் வைத்து அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியாமல், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரும் குளிருக்குப் பணியும். 200 பார் அழுத்தத்திலிருந்து காற்று விரிந்து வெளியேறும்போது தானாகவே கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் வால்வில் பனிக்கட்டி கட்டி, அது மூட முடியாமல் திறந்தே நின்றுவிடும். பேரிரைச்சலோடு சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். அதனால்தான் குளிர்நீருக்கென்றே செய்த ரெகுலேட்டரும், முதலாவதைச் சாராமல் இயங்கும் இரண்டாவது காற்று வழியும் அங்கே கட்டாயம் போல் கடைப்பிடிக்கப்படுகின்றன. ‘மூன்று நாள் பயிற்சி’ தரும் முதல்நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். அந்த ஏழு கப்பல்களும் பெரும்பாலும் அதற்குக் கீழே, 45 மீட்டர் வரை கிடக்கின்றன.

மேலேறுவதிலும் அவசரம் கூடாது. ஆழத்தில் அழுத்தத்தின் கீழ் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டரில் குறைந்தது 3 நிமிடம் நின்றால், அது மூச்சுக்காற்றோடு மெல்ல வெளியேறும். வேகமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். குளிர்ந்த கடலில் இன்னொரு சங்கடமும் உண்டு. கீழே வேலை செய்யும்போது உடம்பு சூடாக இருந்து நைட்ரஜனைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். மேலேறும் நேரத்தில் குளிர்ந்து, கை கால்களுக்கு இரத்தம் போவது குறைந்திருப்பதால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கும்.

இந்த நைட்ரஜனை மனத்தில் வைத்துக்கொண்டுதான், கட்டுரையின் அடியில் நீலகிரிப் பதிப்புக்கென்றே கட்டம் கட்டிப் போட்டிருக்கும் யோசனையைப் பார்க்க வேண்டுகிறேன். ‘சனி, ஞாயிறு புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு, ஞாயிறு மதியம் காரில் கிளம்பினால் இரவே உதகை திரும்பலாம்’ என்கிறது அது. கட்டுரை முழுவதிலும் எனக்கு உண்மையாகவே அச்சம் தந்த வரி இதுதான்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் உப்பி விறைத்துப்போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. கொடைக்கானலும் ஏறக்குறைய அப்படித்தான். பறக்கும் விமானத்தின் உட்புறத்தில் காற்றழுத்தம் குறைந்தபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும்படி வைக்கிறார்கள். அதாவது, முக்குளித்துவிட்டு உதகைக்குக் காரில் போவது, உடம்பைப் பொறுத்தவரை விமானம் ஏறுவதற்கு ஏறக்குறைய ஈடு. முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரைப்படி, மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாத ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாளோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும், மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட முக்குளிப்பானால் அதைவிடக் கணிசமாக அதிக நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுவதும் காத்திருப்பதே என் வழக்கம்.

உங்கள் யோசனையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு நாள் முக்குளித்தவர் ஞாயிறு நண்பகலில் கடைசியாகக் கரையேறி, இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தால், நள்ளிரவு வாக்கில் குன்னூரைத் தாண்டியிருப்பார். 12 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவரே சென்னைக்குப் போய் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால், காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம், பேருந்து பிடித்து உதகை சேர ஒன்பது மணிக்கு மேலாகிவிடும். அந்தப் பழைய ரயில் தன்னை அறியாமலே பரிந்துரையைக் காப்பாற்றிவிடுகிறது. காரில்தான் வர வேண்டும் என்றால், இரவு மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிட்டுத் திங்கள் பிற்பகலில் மலையேறலாம். ஒரு நாள் விடுப்பு, அவ்வளவுதான்.

மலையேறிய பிறகு முழங்கையிலோ தோளிலோ குடைச்சல், தோலில் அரிப்பு, கால் மரத்துப்போவது, சொல்ல முடியாத அசதி இவை தோன்றினால், நம் ஊரில் என்ன செய்வோம் என்பதும் எனக்குத் தெரியும்: பயணக் களைப்பு என்று நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். அப்படிப் படுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், கேட்காவிட்டாலும், “நேற்று முக்குளித்தேன்” என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆக்சிஜனும், தேவையானால் உயர் அழுத்த அறைச் சிகிச்சையும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டத்தில் இருந்த யோசனை தவறு என்பதையும், முக்குளித்தவர்கள் எவ்வளவு நேரம் கழித்து மலையேறலாம் என்பதையும், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ராயல் ஓக் பற்றிய திருத்தத்தையும் அதோடு சேர்த்துவிடுங்கள். எம்டனுக்கு இடமில்லாவிட்டால் பரவாயில்லை. தங்கை மகன் கத்தரித்து வைத்திருக்கும் தாளின் மேல் அந்தத் திருத்தத்தை ஒட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
கோத்தகிரி.